தோன்றுவதும் மறைவதும்: மொபைல் ஆப் அனிமேஷன் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்ட்ராய்டு டீமில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் மாதத்திலேயே என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் ஜெட்பேக் கம்போஸை (ஆண்ட்ராய்டில் திரைகளை எழுதும் கூகுளின் டூல்கிட்) வைத்து எழுதியவை. ஐஓஎஸ், இரண்டு தளத்துக்கும் ஆப் எழுத உதவும் ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் ஆகியவை வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றின் மேல்தான் நிற்கின்றன.

இதெல்லாம் எதுக்கு? சட்டுனு காட்டி சட்டுனு மறைச்சா போதாதா?

பல இடங்களில் போதும். ஒரு எழுத்தின் நிறம் மாறுவதற்கோ, கீபோர்டில் அடித்த எழுத்து தெரிவதற்கோ அனிமேஷன் வைத்தால் ஆப் மந்தமாக இருப்பதாகத்தான் தோன்றும்.

அவசியமாவது எப்போதென்றால், ஒன்று வந்து மற்றவற்றை நகர்த்தும்போது. "இணைய இணைப்பு இல்லை" என்ற பட்டை மேலே திடீரென்று முளைக்கிறது, கீழே இருப்பதெல்லாம் ஒரு விரல் உயரம் இறங்குகிறது. அந்தக் கணத்தில் "சேமி" பட்டனைத் தொடப் போனவர் அதற்கு மேலிருந்த "நீக்கு" பட்டனைத் தொட்டுவிடுவார். நகர்வு கண்ணுக்குத் தெரிந்தால் விரல் ஒரு கணம் தயங்கும். எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று பயனர் தேட வேண்டியதும் இல்லை. அழகு அதற்கப்புறம்தான்.

ஒரு பெட்டியைக் காட்டி மறைக்க குறைஞ்சபட்சம் என்ன எழுதணும்?

கம்போஸில் அனிமேட்டட்விசிபிலிட்டி என்ற ஒரே உறை. அதற்கு ஒரு பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) கொடுத்து, உள்ளே பெட்டியை வைத்தால் வேலை முடிந்தது. 2022 பிப்ரவரியில் வந்த கம்போஸ் 1.1 முதல் இது ஸ்டேபிள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், வரும்போது மங்கலிலிருந்து தெளிந்தபடி விரியும், போகும்போது சுருங்கியபடி மங்கும். காலம்-க்குள் (உறுப்புகளை மேலிருந்து கீழாக அடுக்குவது) வைத்தால் செங்குத்தாக விரியும், ரோ-வுக்குள் (பக்கவாட்டில் அடுக்குவது) வைத்தால் கிடையாக விரியும்.

ஐஓஎஸ்-இன் ஸ்விஃப்ட்யூஐ-யில் சாதாரண இஃப் எழுதி, உள்ளே இருக்கும் வியூவுக்கு (திரையில் தெரியும் உறுப்புக்கு) டிரான்சிஷன் கொடுத்து, ஸ்டேட்டை (திரையில் எது தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மதிப்பை) மாற்றும் வரியை வித்அனிமேஷன் என்பதற்குள் போட வேண்டும். டிரான்சிஷன் மட்டும் எழுதிவிட்டு வித்அனிமேஷனை விட்டுவிட்டால் எதுவுமே நடக்காது. முதல் நாள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஃப்ளட்டரில் இதற்கென்று ஒரே விட்ஜெட் கிடையாது. மங்குவதற்கு அனிமேட்டட்ஒபாசிட்டி, ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்க அனிமேட்டட்ஸ்விட்சர், உயரம் மாற அனிமேட்டட்சைஸ் என்று தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அண்ணா, வரும்போது அழகா வருது. போகும்போது மட்டும் டப்புனு காணாமப் போகுது. ஏன்?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். வருவது சுலபம்: பொருள் இருக்கிறது, அதை மெல்லக் காட்டுகிறோம். போவது அப்படியல்ல. "இது இனி இல்லை" என்று ஸ்டேட் சொல்லிவிட்டது, ஆனால் இன்னும் கால் நொடிக்கு அதைத் திரையில் வரைந்துகொண்டே இருக்க வேண்டும். அதாவது, டேட்டாவில் செத்துப்போன ஒன்றை யாராவது உயிரோடு பிடித்து வைத்திருக்க வேண்டும். யார் பிடிக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கம்போஸில் பிடித்து வைப்பது அனிமேட்டட்விசிபிலிட்டி. வெளியேறும் அனிமேஷன் முடிந்த பிறகே அது உள்ளடக்கத்தைக் கழற்றும். ஆனால் அந்த அனிமேட்டட்விசிபிலிட்டியையே ஓர் இஃப்-க்குள் போட்டால், பிடித்திருப்பவரையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறீர்கள். டப்பென்று போவதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம். இஃப்-ஐ எடுத்துவிட்டு அந்த நிபந்தனையை விசிபிள் என்ற பாராமீட்டருக்குக் கொடுங்கள்.

ஸ்விஃப்ட்யூஐ-யில் நீக்கப்பட்ட வியூவைப் பிடித்து வைப்பது ஃபிரேம்வொர்க்கே. அனிமேஷன் மாடிஃபையரை இஃப்-க்கு உள்ளே இருக்கும் வியூவில் மாட்டாமல், வெளியே நிலையாக இருக்கும் தாய் வியூவில் மாட்டுங்கள். இசட்ஸ்டாக்கில் இன்னொரு வேடிக்கை உண்டு: அனிமேஷன் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் போகும் வியூ மற்றவற்றின் பின்னால் தள்ளப்படுவதால் கண்ணில் படாது. இசட்இண்டெக்ஸ் 1 என்று வெளிப்படையாகக் கொடுத்தால் தெரியும். ஃப்ளட்டரின் அனிமேட்டட்ஸ்விட்சரில் பழையதும் புதியதும் ஒரே வகை விட்ஜெட்டாக இருந்தால், எதுவும் மாறவில்லை என்று அது நினைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் வெவ்வேறு கீ (அடையாளம்) கொடுக்க வேண்டும்.

மங்கி முழுசா மறைஞ்ச பிறகும் அந்த இடத்துல தொட்டா கிளிக் ஆகுதே?

ஆல்ஃபாவை (எவ்வளவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற அளவை) பூஜ்யமாக்கியிருக்கிறீர்கள், வியூவை எடுக்கவில்லை. ஆண்ட்ராய்டு வியூ கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் விசிபிள் நிலையில் இருக்கும் வரை தொடுதலை வாங்கிக்கொள்ளும். கம்போஸின் ஆல்ஃபா மாடிஃபையரும் அப்படியே. ஃப்ளட்டரின் ஒபாசிட்டியும் அப்படியே, அங்கே இக்னோர்பாயிண்டரைச் சுற்றிப் போட வேண்டும். ஐஓஎஸ்-இன் பழைய யூஐகிட் மட்டும் ஆல்ஃபா 0.01-க்குக் கீழே போனால் அந்த வியூவுக்குத் தொடுதலை அனுப்பாது. அதனால்தான் ஐஓஎஸ் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதில் ஏமாறுகிறார்கள்.

பழைய எக்ஸ்எம்எல் வியூ என்றால் மங்கி முடிந்ததும் கான் நிலைக்கு மாற்றுங்கள். இன்விசிபிள் என்றால் தொடுதல் நிற்கும், இடம் பிடித்திருக்கும். கான் என்றால் இடமும் போய்விடும்.

ஃபேட் மட்டும் வச்சேன். மங்கி முடிஞ்சதும் கீழ இருக்கறதெல்லாம் ஒரேயடியா மேல குதிக்குது.

மங்குவது, நகர்வது, பெரிதாவது ஆகிய மூன்றும் வரைவதில் நடப்பவை. இடத்தை விட்டுக்கொடுப்பது லேஅவுட்டில் நடப்பது. ஃபேட் மட்டும் வைத்தால் பெட்டி கடைசி வரை தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, கழற்றப்படும் நொடியில் மொத்தமாக விடும். ஷ்ரிங்க்வெர்டிக்கலி-யைக் கூடச் சேர்த்தால் உயரமும் படிப்படியாகக் குறையும். மிதந்துகொண்டிருக்கும் பட்டன் போல யாரையும் தள்ளாத பொருளுக்கு ஃபேட் மட்டுமே போதும்.

ஷ்ரிங்க் சேர்த்த பிறகும் கடைசியில் ஒரு சின்னக் குதிப்பு மிஞ்சுகிறதா? காலம்-இல் ஸ்பேஸ்ட்பை 8 டிபி என்று கொடுத்திருப்பீர்கள். பெட்டி உயரம் பூஜ்யமாகிவிட்டாலும், அது ஒரு உறுப்பாக இருக்கும் வரை அதற்கான 8 டிபி இடைவெளியும் இருக்கும். கழற்றும்போது அந்த 8 டிபி மொத்தமாகப் போகிறது. அந்த இடைவெளியை ஸ்பேஸ்ட்பை-யிலிருந்து எடுத்து, அனிமேட்டட்விசிபிலிட்டிக்கு உள்ளே பேடிங்காக வைத்தால் அதுவும் சேர்ந்தே சுருங்கும். கியூஏ-வில் யாராவது ஒருவர் கட்டாயம் இதைக் கண்டுபிடித்து டிக்கெட் போடுவார்.

எரர் மெசேஜ் மறையும்போது ஒரு நொடி எழுத்தே இல்லாம வெறும் சிவப்புப் பட்டை தெரியுது. எங்க தேடியும் காரணம் புரியலை.

உங்கள் கோடு பெரும்பாலும் இப்படி இருக்கும்: எரர் நல் (மதிப்பே இல்லாத நிலை) இல்லையென்றால் விசிபிள், உள்ளே இருக்கும் டெக்ஸ்ட்டில் எரர், நல் என்றால் வெற்று எழுத்து. பயனர் கடவுச்சொல்லைத் திருத்தியதும் எரர் நல் ஆகிறது. அந்த ஒரே மாற்றம் இரண்டு வேலை செய்கிறது: பட்டையை வெளியேறச் சொல்கிறது, பட்டைக்குள் இருக்கும் எழுத்தையும் அழித்துவிடுகிறது. உறை, பட்டையை உயிரோடு வைத்திருக்கிறது (மூன்றாவது பதில்), ஆனால் அதற்குள் எதைக் காட்டுவது என்ற டேட்டாவை யாரும் பிடித்து வைக்கவில்லை. அதனால் வெறும் சிவப்புப் பட்டை சுருங்குகிறது.

கடைசியாக வந்த, நல் அல்லாத செய்தியை ரிமெம்பர் செய்து வைத்துக்கொண்டு, டெக்ஸ்ட்டில் அதைக் காட்டுங்கள். விசிபிளுக்கு மட்டும் இப்போதைய எரரைக் கொடுங்கள். இன்னொரு வழி, அனிமேட்டட்கண்டென்ட்டுக்கு எரரையே டார்கெட்டாகக் கொடுப்பது. அது போகிறதற்குப் பழைய மதிப்பையும் வருகிறதற்குப் புதிய மதிப்பையும் தானே பிரித்துக் கொடுக்கும். உள்ளே அது தரும் மதிப்பைத்தான் பயன்படுத்த வேண்டும், வெளியே இருக்கும் ஸ்டேட்டை நேரடியாகப் படித்தால் மறுபடி அதே வெறும் பட்டைதான்.

விலை பூஜ்யமாகிவிட்டு மறையும் கூடைப் பட்டை, பெயர் காலியாகி மூடும் ப்ரொஃபைல் கார்டு என்று நீங்கள் பார்க்கும் பல விநோதங்களுக்கு வேர் இதுதான்.

எத்தனை மில்லிசெகண்ட் வைக்கணும்? டிசைனர் 500 சொல்றாங்க, பிஎம் 100 சொல்றாங்க.

சின்னப் பொருள் குறைவு, பெரிய பொருள் கொஞ்சம் அதிகம். போவது வருவதை விடக் குறைவு. கூகுளின் மெட்டீரியல் டிசைன் இரண்டாம் பதிப்பு டயலாக் போன்றவை தோன்ற 150, மறைய 75 மில்லிசெகண்ட் என்றது. திரையில் பெரும்பகுதி விரிவதற்கு 300, திரும்பச் சுருங்க 250. போவது ஏன் குறைவு என்றால், வருகிறதைப் பயனர் படிக்க வேண்டும். போகிறதை அவர் ஏற்கெனவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்.

கம்போஸின் ட்வீன் (இத்தனை நேரம் என்று சொல்லி ஓட்டும் அனிமேஷன்) நீங்கள் எண் கொடுக்காவிட்டால் 300 எடுத்துக்கொள்ளும். என் பழக்கம், போனில் சாதாரணமாக 200 முதல் 300 வரை வைத்து, வெளியேறுவதை அதில் மூன்றில் ஒரு பங்கு குறைப்பது. 500 என்பது டிசைன் விளக்கக் கூட்டத்தில் அழகாக இருக்கும், ஒரே நாளில் நாற்பது முறை அதைப் பார்ப்பவருக்கு எரிச்சல்தான்.

ஈஸிங் எதுக்கு? லீனியரா வச்சா என்ன?

ஈஸிங் என்பது அனிமேஷன் ஓடும்போது வேகம் எப்படி மாறுகிறது என்பது. லீனியர், அதாவது ஒரே வேகம், இயந்திரத்தனமாகத் தெரியும். வருகிறது வேகமாகக் கிளம்பி மெல்ல நிற்க வேண்டும், போகிறது மெல்லக் கிளம்பி வேகமெடுத்துப் போக வேண்டும். மெட்டீரியல் இரண்டாம் பதிப்பில் நுழைவுக்கான வேக வளைவு 0, 0, 0.2, 1. வெளியேறலுக்கு 0.4, 0, 1, 1. வெறும் நிறமோ மங்கலோ மட்டும் மாறினால் லீனியரே போதும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்ப்ரிங் வேறு ரகம். அதற்கு நேரம் கொடுப்பதில்லை, விறைப்பும் தணிப்பும் கொடுக்கிறோம். ஐஓஎஸ் 17 முதல் ஸ்விஃப்ட்யூஐ-யின் இயல்பான அனிமேஷனே ஸ்ப்ரிங்தான். அதன் உண்மையான பயன் அடுத்த கேள்வியில்.

அனிமேஷன் பாதியில இருக்கும்போது யூசர் திரும்ப அழுத்தினா என்ன ஆகும்?

கம்போஸிலும் ஸ்விஃப்ட்யூஐ-யிலும் இருந்த இடத்திலிருந்தே திரும்பும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஸ்ப்ரிங் என்றால் அந்தக் கணத்தில் இருந்த வேகத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும், அதனால் திரும்புவது வெட்டின மாதிரி தெரியாது. அடிக்கடி மாற்றி மாற்றி அழுத்தக்கூடிய இடங்களில் ட்வீனை விட ஸ்ப்ரிங் நல்லது என்பது இதனால்தான்.

வம்பு பழைய வியூ கோடில். மறைக்கும் அனிமேஷனின் முடிவில் கான் ஆக்கும்படி லிசனர் எழுதியிருப்பீர்கள். பாதியில் பயனர் மறுபடி காட்டச் சொன்னார், பழைய அனிமேஷன் கேன்சல் ஆனது. கேன்சல் ஆனாலும் ஆன்அனிமேஷன்எண்ட் கூப்பிடப்படும்! உங்கள் லிசனர் விசுவாசமாக வியூவை கான் ஆக்கிவிடும். பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம். வித்எண்ட்ஆக்‌ஷன் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை, கேன்சல் ஆன அனிமேஷனுக்கு அது ஓடாது. யூஐகிட்டிலும் கம்ப்ளீஷன் பிளாக்கில் வரும் ஃபினிஷ்ட் என்ற பூலியனைப் பார்க்காமல் எதையும் மறைக்காதீர்கள்.

ஸ்கிரீன் திறக்கும்போதே இருக்கற கார்டுக்கு அனிமேஷன் வரமாட்டேங்குது.

மாற்றம் இருந்தால்தான் அனிமேஷன். முதல் முறையே விசிபிள் ட்ரூ என்று வந்தால் மாறுவதற்கு ஒன்றுமில்லை. மியூட்டபிள்டிரான்சிஷன்ஸ்டேட்டை ஃபால்ஸ் என்று தொடங்கி, உடனே டார்கெட்டை ட்ரூ ஆக்கிக் கொடுங்கள். ஸ்விஃப்ட்யூஐ-யில் ஆன்அப்பியரில் ஸ்டேட்டை மாற்றுவது வழக்கம்.

ஆனால் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். போனைத் திருப்பும்போதெல்லாம், பின்னால் போய்த் திரும்பும்போதெல்லாம் கார்டுகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து உட்கார்வதை யாரும் இரண்டாவது முறை ரசிப்பதில்லை. வைத்தே தீர வேண்டுமென்றால் ஒரு முறை ஓடியாயிற்று என்பதை ரிமெம்பர்சேவபிளில் குறித்து வையுங்கள்.

லிஸ்ட்ல மூணாவது வரியை டெலீட் பண்ணா கடைசி வரி மறையுது. டேட்டா கரெக்டா இருக்கு!

கீ இல்லை. கீ கொடுக்காவிட்டால் லேஸிகாலம் (கம்போஸின் லிஸ்ட்) வரிகளை அவை நிற்கும் இடத்தை வைத்துத்தான் அடையாளம் காணும். பத்து வரியில் மூன்றாவதை எடுத்தால், அதன் பார்வையில் மூன்று முதல் ஒன்பது வரை உள்ளவற்றின் எழுத்து மாறியது, பத்தாவது காணவில்லை. ஆகவே பத்தாவதை மறைக்கிறது. டேட்டாபேஸ் ஐடி மாதிரி மாறாத ஒன்றைக் கீயாகக் கொடுங்கள். இண்டெக்ஸைக் கீயாகக் கொடுப்பது கொடுக்காததற்குச் சமம். ஸ்விஃப்ட்யூஐ-யின் ஃபார்ஈச்சிலும் இதே கதை.

கீ கொடுத்த பிறகு அனிமேட்ஐட்டம் மாடிஃபையரைச் சேர்த்தால் வருவது, போவது, நகர்வது மூன்றும் கிடைக்கும். இது 2024 செப்டம்பரில் வந்த கம்போஸ் 1.7-இல் சேர்ந்தது. அதற்கு முன் இருந்த அனிமேட்ஐட்டம்பிளேஸ்மென்ட் நகர்வை மட்டுமே பார்த்துக்கொண்டது, பழைய பதில்களைத் தேடி எடுத்து ஒட்டும்போது கவனம். ஃப்ளட்டரின் அனிமேட்டட்லிஸ்ட்டில் ரிமூவ்ஐட்டம் ஏன் ஒரு பில்டரைக் கேட்கிறது என்று பலர் குழம்புவார்கள். டேட்டாவில் இல்லாத வரியை இன்னும் கொஞ்ச நேரம் வரைய அதற்கு வேறு வழியில்லை. மூன்றாவது பதிலில் சொன்ன "பிடித்து வைக்கும்" வேலையை அங்கே நம் கையில் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

என் போன்ல வெண்ணெய் மாதிரி ஓடுது, கஸ்டமர் போன்ல திக்கித் திக்கி ஓடுதாம்.

முதலில் டீபக் பில்டில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கம்போஸ் டீபக் பில்டில் குறிப்பாகவே மெதுவாக ஓடும். ஆர்8 (கோடைச் சுருக்கும் கருவி) போட்ட ரிலீஸ் பில்டை ஒரு மலிவான போனில் போட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 120 ஹெர்ட்ஸ் திரையில் 8.3 மட்டுமே. அதற்குள் முடியாவிட்டால் ஒரு ஃபிரேம் தவறும், அதைத்தான் "திக்குது" என்கிறார்கள்.

விரிவதும் சுருங்குவதும் ஒவ்வொரு ஃபிரேமிலும் லேஅவுட்டை மறுபடி அளக்க வைக்கும். மங்குவது, நகர்வது, பெரிதாவது ஆகியவற்றை கிராஃபிக்ஸ்லேயரில் செய்தால் வரையும் கட்டத்தோடு முடிந்துவிடும். திரை முழுக்கக் கனமான உள்ளடக்கம் இருந்தால் உயரத்தை அனிமேட் செய்யாமல் ஸ்லைடோ ஃபேடோ வையுங்கள். ரியாக்ட் நேட்டிவின் அனிமேட்டட் ஏபிஐ-யில் யூஸ்நேட்டிவ்டிரைவர் ஒபாசிட்டிக்கும் டிரான்ஸ்ஃபார்முக்கும் வேலை செய்து, விட்த், ஹைட் கொடுத்தால் மறுப்பதும் இந்தப் பிரிவினையால்தான்.

சார், கோடு சரியா இருக்கு, ஆனா ஒரு போன்ல மட்டும் அனிமேஷனே ஓடலை.

டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போய் அனிமேட்டர் டியூரேஷன் ஸ்கேலைப் பாருங்கள். எஸ்பிரெஸ்ஸோ டெஸ்ட் ஓட்டுவதற்காக யாரோ பூஜ்யமாக்கி விட்டுப் போயிருப்பார்கள். பேட்டரி சேவரும் அனிமேஷனை நிறுத்தக்கூடும். அதே அளவை 10 மடங்காக்கினால் ஐந்தாவது, ஆறாவது பதில்களில் சொன்ன குதிப்பும் வெறும் பட்டையும் நிதானமாகக் கண்ணில் படும். ஐஓஎஸ் சிமுலேட்டரில் டீபக் மெனுவில் ஸ்லோ அனிமேஷன்ஸ் இருக்கிறது.

போன்காரரே வேண்டாம் என்று அணைத்திருந்தால் அது பிழை இல்லை. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது திரை முழுக்கப் பெரிதாகித் திறக்கும் அனிமேஷனால் தலைசுற்றலும் குமட்டலும் வருவதாகப் பலர் புகார் சொன்னார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 7.0.3-இல் ரிடியூஸ் மோஷனைப் போட்டால் அது வெறும் கிராஸ்ஃபேடாக மாறும்படி செய்தார்கள். ஆண்ட்ராய்டில் அனிமேஷனை நீக்கும் வசதி அக்சஸிபிலிட்டி பகுதியில் இருக்கிறது, கம்போஸ் அதை மதிக்கும். ஸ்விஃப்ட்யூஐ-யில் நீங்கள் எழுதிய ஸ்லைடு தானாக மாறாது. அக்சஸிபிலிட்டிரிடியூஸ்மோஷனைப் படித்து நீங்களே ஃபேடுக்கு மாற்ற வேண்டும். ஒரு விஷயம்: முக்கியமான வேலையை ஆன்எண்ட்-இல் வைக்காமல், அனிமேஷன் 300 மில்லிசெகண்ட் ஓடும் என்று தனியே டிலே போட்டு நம்பியிருந்தால், இந்தப் போன்களில் ஆப் தேவையில்லாமல் காத்துக்கொண்டிருக்கும்.

டயலாக்கை அனிமேட்டட்விசிபிலிட்டிக்குள்ள போட்டேன், ஒண்ணுமே ஆகலை. பாட்டம் ஷீட்டும் மூடும்போது வெட்டின மாதிரி போகுது.

இரண்டும் வேறு வேறு காரணம். டயலாக் தனி விண்டோவில் வரையப்படுகிறது. வெளியே இருக்கும் உறை மங்க வைப்பது தன் விண்டோவில் இருப்பதை மட்டும்தான், அங்கே மங்குவதற்கு ஒன்றும் இல்லை. உறையை டயலாக்கின் உள்ளே, கார்டைச் சுற்றிப் போடுங்கள். மூடும்போது முதலில் உள்ளே இருப்பதை ஃபால்ஸ் ஆக்கி, அது முடிந்த பிறகு டயலாக்கைக் கழற்றுங்கள். உள்ளே நுழையும் அனிமேஷன் வர பத்தாவது பதிலில் சொன்ன மியூட்டபிள்டிரான்சிஷன்ஸ்டேட் வேண்டும். அதன் கரண்ட்ஸ்டேட்டும் ஐஸ்ஐடிலும் எப்போது கழற்றலாம் என்பதையும் சொல்லிவிடும்.

மோடல்பாட்டம்ஷீட் விஷயம் மறுபடி மூன்றாவது பதில்தான். "மூடு" பட்டனில் நேரடியாக ஷோஷீட்டை ஃபால்ஸ் ஆக்கினால் ஷீட்டும் அதைப் பிடித்திருப்பவரும் ஒன்றாகப் போய்விடுவார்கள். கோரூட்டீன் ஸ்கோப்பில் ஷீட்ஸ்டேட்டின் ஹைடைக் கூப்பிட்டு, இன்வோக்ஆன்கம்ப்ளீஷனில் ஷீட் உண்மையிலேயே விசிபிள் இல்லை என்று பார்த்த பிறகு ஷோஷீட்டை மாற்றுங்கள். அந்தப் பரிசோதனையை விட்டுவிட்டால், மூடும் பாதியில் பயனர் விரலால் மேலே இழுத்துப் பிடித்த ஷீட்டும் கையோடு காணாமல் போகும்.